முதல் தோசை

சாப்பிடும்போது ஒரு தடவை புரண்டதுதான். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. தயிர்சாதத்தில் ஒரு மாதுளை முத்து பல்லில் நசுங்கிய சமயம், வலது விலாவுக்குக் கீழே, போர்வைக்குள் யாரோ கால் மாற்றிப் படுத்த மாதிரி ஓர் அசைவு. வசுமதி டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தன் இடத்துக்கு வந்து, லேப்டாப்பைத் திறந்து, நிரலை ஓட விட்டு, அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வயிறு சும்மா இருந்தது. தூங்குகிறதாக இருக்கும். ஏழாம் மாதத்தில் குழந்தைகள் நன்றாகத் தூங்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எல்லாரும் என்றால் யார்? போன தடவையும் எல்லாரும்தான் சொன்னார்கள், தூங்குது கண்ணு, தூங்கற பிள்ளையை எழுப்பாதே என்று. அவளும் எழுப்பவில்லை. இப்போது உள்ளங்கையை வயிற்றின் மேல் வைத்து, மேசைக்குக் கீழே யாருக்கும் தெரியாமல் இரண்டு தட்டு தட்டினாள். பக்கத்து வரிசையில் யாரோ பேட்மின்டனில் தோற்றதைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏசி காற்று கழுத்தில் நேராக விழுந்தது. ஒருவேளை குளிர்கிறதோ அதற்கு? வயிற்றுக்குள் என்ன குளிர், பைத்தியம். துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டாள். மூடியது தனக்கா அதற்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவளுடைய வேலையை வெளியாளுக்குச் சொல்வதென்றால் இப்படிச் சொல்லலாம். பச்சைக் குழந்தைகள் வார்டில் தொட்டிலுக்குத் தொட்டில் ஒரு மானிட்டர் இருக்கும். குழந்தை மூச்சை நிறுத்தினால் அது மணி அடிக்க வேண்டும். மூச்சு நின்றது என்று மானிட்டருக்குத் தெரிவதற்கும் மணி அடிப்பதற்கும் நடுவில் நிரலில் ஒரு துண்டு ஓடுகிறது. அந்தத் துண்டு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்று வசுமதி அளக்கிறாள். துண்டுக்கு முன்னால் ஒரு வரி, பின்னால் ஒரு வரி. முன்வரி கடிகாரத்தைப் பார்த்து ஓர் எண்ணைக் குறித்துக்கொள்ளும், பின்வரி இன்னோர் எண்ணைக் குறிக்கும், பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் நேரம் கிடைத்துவிடும். அவ்வளவுதான். இதுக்கா உனக்கு இவ்வளவு சம்பளம் தர்றாங்க என்று அவளுடைய அம்மா ஒரு தடவை வாயைப் பிளந்தாள். அம்மாவுக்கு இரண்டு கடிகாரங்களின் கதையை அவள் சொல்லவில்லை. இயந்திரத்துக்குள் இரண்டு கடிகாரம் உண்டு. ஒன்று நாம் பார்க்கிற மணி. அதை யாரும் திருத்தலாம், பின்னால்கூடத் தள்ளி வைக்கலாம். அளப்பதற்கு அது ஆகாது. இன்னொன்றுக்கு நாளும் தெரியாது கிழமையும் தெரியாது. இயந்திரம் எழுந்ததிலிருந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது மட்டும்தான் தெரியும். முன்னால் மட்டும்தான் போகும். அதை வைத்துத்தான் அளக்க வேண்டும். அந்தக் கடிகாரத்தை நினைத்தால் வசுமதிக்குப் பாவமாக இருக்கும், சில நாள் பயமாகவும் இருக்கும்.

இப்போது பயமாக இருந்தது. தயிர்சாதம் சாப்பிடும்போது அவள் ஒரு முன்வரி எழுதிவிட்டாள், மனசுக்குள்தான், அதுவும் எழுத வேண்டும் என்று நினைத்து எழுதவில்லை, பழக்கம். புரண்டது, குறித்தாயிற்று. பின்வரியைக் காணோம். பின்வரிக்கு வந்து சேராத துண்டுக்கு நேரமே கிடையாது, கழிக்க எண் இல்லை. அது உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறதா, தொங்கி நின்றுவிட்டதா என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, திரை ஒன்றுபோலத்தான் இருக்கும். ஓடுகிறது என்று நினைத்து எத்தனையோ நாள் காபி குடித்துவிட்டு வந்து பார்த்திருக்கிறாள், எப்போதோ நின்று போயிருக்கும். ச்சீ, என்ன நினைப்பு இது. எழுந்து போய்க் குளிர்ந்த தண்ணீர் குடித்தாள். குளிர்ச்சியாகக் குடித்தால் அசையும் என்பார்கள். வளையல் சத்தம் கேட்டாலும் அசையும் என்பார்கள். மணிக்கட்டை ஒரு தடவை உதறினாள், கையில் வாட்ச் மட்டும்தான் இருந்தது. இந்தத் தடவை வளைகாப்பு வேண்டாம், பிறந்தபிறகு எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று அத்தையே, கணவன் லோகுவின் அம்மாவே, சொல்லிவிட்டார். போன தடவை கை நிறையப் போட்டு, ஒரு வாரம்கூட ஆகாமல், பிரசவ அறைக்கு வெளியில் அந்த அத்தைதான் ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழற்றும்போதுகூட அவை சத்தம் போட்டன. அத்தை அவற்றைத் துண்டில் சுற்றிக்கொண்டார், சத்தம் வராமல் இருக்க.

நிரல் ஓடி முடிந்து சராசரியைக் காட்டியது. நல்ல எண். எட்வின் பார்த்தால் சந்தோஷப்படுவான். எட்வின் அவர்களுடைய டீமுக்குத் தலைவன், தூத்துக்குடிக்காரன், கடலைத் தவிர வேறு எதற்கும் பயப்படாதவன் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்பவன். சாயங்காலத்துக்குள் இந்த எண்ணோடு ரிப்போர்ட் ஆஸ்பத்திரிக்காரர்களுக்குப் போக வேண்டும், அப்புறம் மானிட்டர்கள் போகும். அளப்பது எப்படி என்று வசுமதிக்குச் சொல்லிக்கொடுத்ததும் எட்வின்தான். அப்போது லோகுவும் இதே டீமில் இருந்தான், இரண்டு பேரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள், கல்யாணமெல்லாம் அப்புறம். ஒரு தடவை ஓட்டிப் பார்த்து எண்ணை நம்பக்கூடாது, இயந்திரத்துக்கு அந்த நேரத்தில் வேறு ஆயிரம் ஜோலி இருக்கும், அதனால் பல ஆயிரம் தடவை ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும். அதிலும் முதல் ஓட்டத்தைச் சேர்க்கவே கூடாது. முதல் தடவை அதற்கு வேண்டிய சாமான் எல்லாம் எங்கெங்கோ கிடக்கும், தேடி எடுத்து வர வேண்டும், அதனால் தாமதமாகும். இரண்டாவதிலிருந்து எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். எட்வின் அதற்கு ஒரு பேர் வைத்திருந்தான். முதல் தோசை. "கல்லு காயலப்பா. பிஞ்சுதான் வரும். தூக்கிப் போட்டுட்டு ரெண்டாவதுலருந்து எண்ணு." அன்றிலிருந்து அந்த மாடி முழுக்க அதுதான் பேச்சு. முதல் தோசையை எடுத்துட்டியா? முதல் தோசை போக எவ்வளவு? வசுமதி எழுதிய நிரலிலும் அதற்கு ஒரு வரி உண்டு, முதல் எண்ணைத் தள்ளிவிடுகிற வரி. அந்த எண்ணை யாரும் பார்ப்பதுகூடக் கிடையாது, திரையில் வராது. அளந்தாயிற்று, தள்ளியாயிற்று.

அந்த வரிக்கு மேலே அவளுடைய விரல் நின்றது. அங்கே போய் ஏன் நின்றது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. போன பிரசவத்தன்று லோகு தலை ஈரமாக வந்து நின்றான். வெயில் நேரத்தில் ஏன் குளித்திருக்கிறான் என்று ஒரு நொடி யோசித்தாள், அப்புறம் புரிந்தது, குழி தோண்டிவிட்டு வருகிறவன் குளிக்காமல் எப்படி வருவான். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று அவளுக்குச் சரியாகத் தெரியாது. ஊசியின் மயக்கம், விளக்கு, யாரும் அழாத ஓர் அறை. அழ வேண்டியது அழவில்லை என்பதால் வேறு யாரும் அழக் கூச்சப்பட்ட மாதிரி. சிஸ்டர் எதையோ பச்சைத் துணியில் சுற்றினார், வசுமதி தலையைத் தூக்கினாள், அத்தையின் கை வந்து கண்ணை மூடியது. பார்க்காதே சாமி, பார்த்தா அப்புறம் மனசை விட்டுப் போகாது. அந்தக் கையில் மஞ்சள் வாசனை அடித்தது. அவள் சொன்ன பேச்சு கேட்கிற மருமகள், கண்ணை மூடிக்கொண்டாள், கையை எடுத்தபிறகும் மூடியே வைத்திருந்தாள். பார்க்காததும் மனசை விட்டுப் போகாது என்று அத்தைக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆணா பெண்ணா என்று அவள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. கேட்காமல் போன கேள்வி நாளாக ஆகக் கேட்க முடியாத கேள்வியாகிவிட்டது. ஈரத்தலையோடு வந்த லோகு கட்டில் ஓரமாக நின்றான், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பேன்ட் பைக்குள் விட்டான், எடுத்தான். எதையாவது சொல்ல வேண்டும் என்று அவனுக்கு. "முதல் தோசை, வசு," என்றான். "கணக்குல வராது." அவள் சிரித்தாள். அதுதான். சிரித்துவிட்டாள். நன்றாக, சத்தமாக, தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். அவனும் சிரித்தான். அடுத்த கட்டிலில் கைக்குழந்தையோடு படுத்திருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகம் இன்றைக்கும் வரும், பல் தேய்க்கும்போது வரும், பஸ்ஸில் வரும். லோகு சொன்னதற்கு அவளுக்குக் கோபமே வந்ததில்லை. அவனிடம் வேறு என்ன வார்த்தை இருந்தது, பாவம். தான் சிரித்ததைத்தான் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதற்கப்புறம் வீட்டில் தோசை வார்த்தால் கல்லில் ஒட்டிப் பிய்ந்து வருகிற முதல் தோசையை அவள்தான் தின்பாள், நின்றுகொண்டே, சட்னிகூட இல்லாமல். ஏன் அதைத் திங்கறே, காக்காய்க்குப் போடு என்பான் லோகு. பசிக்குது என்பாள்.

வரியை அழித்தாள். இயந்திரத்தை அணைத்து எழுப்பினாள், துண்டை ஒரே ஒரு தடவை ஓட்டினாள். எண் வந்தது. சராசரியைவிடப் பல மடங்கு. வசுமதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். மறுபடியும் அணைத்து, எழுப்பி, ஒரே தடவை. அதே மாதிரி. மூச்சு நின்றுவிட்டது என்று தெரிந்தபிறகு, மணியின் ஓசை எங்கே இருக்கிறது, எந்த வார்டு, எந்தத் தொட்டில் என்று ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வந்து மானிட்டர் வாயைத் திறப்பதற்குள், பக்கத்து அறையில் இருக்கிற சிஸ்டர் டீயை ஊதி ஒரு மிடறு குடித்துவிடலாம். ஆயிரமாவது தடவை கண்ணிமைக்கிற நேரம்கூட ஆகாது, சரிதான். ஆனால் எந்தக் குழந்தை ஆயிரம் தடவை மூச்சை நிறுத்தும்? நாள் கணக்கில் அந்தத் துண்டு தூங்கிக்கொண்டிருக்கும். என்றைக்கோ ஒரு நாள் ஒரு தடவை கூப்பிடுவார்கள். வார்டில் அடிக்கிற ஒவ்வொரு மணியும் முதல் ஓட்டம்தான். கல் காயவே காயாத வீடு அது. அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அளந்திருக்கிறார்கள், எல்லாரும் செய்கிற மாதிரி, சொல்லிக்கொடுத்த மாதிரி, ஒரு பொய்யும் இல்லாமல். அவளுடைய கை தானாக வயிற்றுக்குப் போனது. அசையேன். ஒரு தடவை அசையேன், தங்கம். உள்ளே மானிட்டர் எதுவும் கிடையாது, நான்தான் இருக்கிறேன், நானும் தாமதமாகத்தான் மணி அடிப்பேன், போன தடவை ஒரு ராத்திரி முழுக்கத் தூங்குது தூங்குது என்றே இருந்துவிட்டேன்.

எட்வின் டீ கோப்பையோடு வந்தான். "என்னப்பா வசு, நம்பர் ரெடியா? அனுப்பிட்டா நானும் மனுஷன் மாதிரி வீட்டுக்குப் போவேன்." அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான். "இது என்ன, முதல் தோசையா? இதை ஏம்ப்பா எடுத்து வச்சிருக்க?" அவள் சொன்னாள், இதுதான் வார்டில் நடக்கும் என்று. அவன் சிரித்துக்கொண்டே, "எல்லாரும் இப்படித்தான் அளக்காங்க. உலகமே இப்படித்தான் அளக்கு," என்றான். "எட்வின், ஒரு குழந்தைக்கு அந்த மணி எத்தனை தடவை அடிக்கும்?" அவளுடைய குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. பேட்மின்டன் பேச்சு நின்றது. எட்வின் நிமிர்ந்தான், அவளைப் பார்த்தான், வயிற்றைப் பார்த்தான், சட்டென்று பார்வையைத் திரைக்கு மாற்றிக்கொண்டான். கோப்பையில் டீயைச் சுழற்றினான். அவன் கெட்டவன் இல்லை. ஒரு பழக்கத்துக்குப் பேர் வைத்தவன், அவ்வளவுதான். "மணியை முன்னாடியே எடுத்துத் தயாரா வச்சுக்கச் சொல்லலாமோ," என்றான் தனக்குத்தானே. அப்புறம், "சரி. இன்னைக்கு அனுப்பல. நான் பேசிக்கிடுதேன். உன் முகமே சரியில்லையே, கிளம்பு நீ." அவள் ரிப்போர்ட்டில் சராசரிக்கு மேலே முதல் எண்ணை எழுதிச் சேமித்தாள். எழுதியதை இரண்டு தடவை சரிபார்த்தாள். வெறும் எண், அதற்குப் போய்.

படிக்கட்டுப் பக்கம் வந்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். போன பிரசவத்துக்குப் போனது இல்லை, இது வேறு ஆஸ்பத்திரி, வேறு டாக்டர். அந்தப் பழைய கட்டடம் இருக்கிற தெருப் பக்கமே போக வேண்டாம் என்று இரண்டு பேரும் பேசாமலே முடிவு செய்திருந்தார்கள். முதல் நாள் டாக்டரம்மா முதல் குழந்தையா என்று கேட்டபோது வசுமதி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். லோகுதான் ஆமா டாக்டர் என்றான். டாக்டரம்மா தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். ஒரு வரியில் தள்ளியாயிற்று. அப்போது அது நிம்மதியாகக்கூட இருந்தது. போனில் வந்த சிஸ்டர் அவசரமில்லாத குரலில், "எப்ப இருந்தும்மா அசைவு இல்ல?" என்றார். சாப்பாட்டு நேரத்திலிருந்து என்றாள். "பயப்படாதீங்க, எடது பக்கமா கொஞ்ச நேரம் படுத்துப் பாருங்க. மொதப் பிரசவந்தானே, அப்படித்தான் பயமா இருக்கும்." வசுமதி கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கம்பி குளிர்ந்திருந்தது. கீழே வண்டிகள் நிறுத்துமிடத்தில் காவலாளி யாருக்கோ விசில் ஊதிக்கொண்டிருந்தார். ஆமா என்று சொல்லிவிடலாம், சின்ன வார்த்தை, வாயில் தயாராக இருந்தது, ஆயிரம் தடவை சொல்லிச் சொல்லிக் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. மற்றதுதான் எங்கேயோ கிடந்தது. "இல்ல சிஸ்டர்," என்றாள். "இது ரெண்டாவது. மொதல்ல ஒண்ணு... ஏழு முடிஞ்சு, உள்ளயே போயிருச்சு. டாக்டர்கிட்ட நாங்க சொல்லல." சிஸ்டரின் குரல் மாறிவிட்டது. "படுக்க வேணாம். உடனே கிளம்பி வாங்க. நான் டாக்டர்கிட்டச் சொல்லிடறேன்."

லோகுவின் ஆபீஸ் இரண்டு கட்டடம் தள்ளித்தான். கூப்பிட்டதும் காரோடு வந்துவிட்டான், அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. "என்னாச்சு வசு, ஏன் முன்னாடியே சொல்லல," என்றான். அவினாசி ரோட்டில் பஸ்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போயின. அவன் ஹாரன் மேலேயே கையை வைத்திருந்தான், வழக்கமாக ஹாரன் அடிக்கிறவர்களைத் திட்டுகிறவன். வசுமதி இடது பக்கம் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டிருந்தாள். ஒன்றும் நினைக்கக் கூடாது என்று நினைத்தாள். பச்சைத் துணி. ஈரத்தலை. எங்கே குழி தோண்டினான், ஆற்றங்கரையா, அவர்கள் தோட்டத்திலா, தலைமாட்டில் கல் வைத்தானா, எந்தப் பக்கம் தலை? சிக்னலில் வண்டி நின்றது. அப்போது அசைந்தது. புரளல்கூட இல்லை, உதை, நல்ல உதை, சீட் பெல்ட் துள்ளுகிற மாதிரி. உடனே இன்னொன்று. வசுமதி ஆ என்று வாயைத் திறந்தாள். மணி பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. "என்ன, என்ன?" என்றான் லோகு. அவள் அவனுடைய கையை இழுத்து வைத்தாள். மூன்றாவது உதை அவனுடைய உள்ளங்கையில் விழுந்தது. அவன் முகம் கோணிக்கொண்டு வந்தது, கண்ணைச் சட்டைத் தோளில் துடைத்துக்கொண்டான். "கொழுப்பு," என்றான். "ரெண்டு பேரையும் சாவடிச்சிட்டு உள்ள உக்காந்து கொழுப்பு." பச்சை விழுந்தது. "அப்ப வீட்டுக்குத் திருப்பிரட்டுமா? உனக்கு அலைச்சல் வேண்டாம்."

திருப்பலாம். பின்வரி வந்துவிட்டது, எண் வந்துவிட்டது, இனி யாரும் எதையும் பார்க்க வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய்த் தோசை வார்த்துத் தின்றுவிட்டுப் படுக்கலாம். "வேண்டாம், ஆஸ்பத்திரிக்கே போ," என்றாள் வசுமதி. "சிஸ்டர்கிட்ட சொல்லிட்டேன்." "என்னன்னு?" "இது ரெண்டாவதுன்னு." பின்னால் வந்த பஸ் ஒலி எழுப்பிக்கொண்டு தாண்டிப் போனது. அவன் இண்டிகேட்டரைப் போட்டு, இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் காரை ஓரம் கட்டினான். இன்ஜினை அணைத்தான். இரண்டு கையும் ஸ்டியரிங்கை விடவில்லை. "லோகு," என்றாள், "நீதானே தூக்கிட்டுப் போனே. அது என்ன குழந்தை?"

அவன் முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். இளநீர்க்காரர் எட்டிப் பார்த்து எத்தனை என்று விரலால் கேட்டார், பதில் இல்லாததால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். லோகு வாயைத் திறந்தான், மூடினான். அவனை யாரும் இதைக் கேட்டதில்லை, இதுதான் முதல் தடவை, எங்கெங்கோ கிடப்பதையெல்லாம் தேடி எடுத்து வர வேண்டும், நேரமாகும். வசுமதி காத்திருந்தாள்.

"பொண்ணு," என்றான். "தலை நெறைய முடி வசு. உனக்கு இருக்கற மாதிரியே."